பழைய காரின் மெத்தையும் பளபளப்பும்



ஸ்கூடாய்ச் சந்தியை நம்மில் பலரும் அறிவோம். ஜொகூர் பாருவிலிருந்து வரும் பெரிய சடக்கு அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று செனாய், கூலாய் என்று வடக்கே போகிறது. மற்றொன்று பொந்தியானை நோக்கித் திரும்புகிறது. இந்தச் சடக்குகளின் ஓரங்களில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நிரை பிடித்து நின்றன. இன்று அந்த இடங்களில் பெரும்பாலும் தாமான்களும் கடைவரிசைகளும் எழுந்துவிட்டன. கடைவரிசை இருக்கும் இடத்தில் கார்ப் பட்டறையும் இருக்கும். பட்டறையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் சில சமயம் தார்ப்பாய் போர்த்திய ஒரு மோரிஸ் மைனரோ, ஆமை முதுகு போன்ற வோக்ஸ்வாகனோ, தோட்டத்துத் துரைமார்கள் ஓட்டிய லேண்ட் ரோவரோ கிடக்கக் காணலாம்.

அத்தகைய பழைய காரின் உட்புற மெத்தையையும் வெளிப்புறப் பட்டைகளையும் சீர்ப்படுத்தும் வேலையைப் பற்றி இன்று பேசுவோம். "சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கல்லவா இந்தப் பேச்சு? மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற நமக்கு எதற்கு?" என்று வானொலியின் காதைத் திருகிவிட வேண்டாம். பழைய காரை விரும்பி வாங்குகிறவர்கள் நாட்டில் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் தேடுவது பணத்தை அல்ல, வேலை தெரிந்த கைகளை. தையல் மிதிக்கத் தெரிந்த பெண்ணுக்கும், சுத்தியலை அளவாகத் தட்டத் தெரிந்த பையனுக்கும் அதில் பிழைப்பு உண்டு. இன்னொன்றும் உண்டு. அந்தப் பழைய இருக்கையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் நம்முடைய பால்.

ஆம், மரத்துப் பால்தான். அதைச் சற்று விளக்கமாகவே பார்ப்போம்.

விடிவதற்குள் வெட்டிய பாலை மங்கிலிருந்து வாளியில் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போன காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே பாலைத் தொட்டியில் ஊற்றி ஃபார்மிக் அமிலம் சேர்ப்பார்கள். பால் தயிர்போல் உறையும். உறைந்ததை உருளைகளுக்கு இடையில் கொடுத்துத் தகடாக்கிப் புகை போடுவார்கள். டயருக்குப் போன ரப்பர் இப்படிப் போயிற்று. மெத்தைக்குப் போன பாலின் கதை நேர் எதிர். அது உறையவே கூடாது. ஆகவே அமிலத்துக்குப் பதிலாக அம்மோனியா சேர்ப்பார்கள். பால் லாரியின் அருகே நின்றவர்களுக்கு அந்த மூக்கைத் துளைக்கும் நெடி மறந்திருக்காது. மரத்திலிருந்து வரும் பாலில் நூற்றுக்கு முப்பது பங்கு அளவுதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் இட்டு, மோரிலிருந்து வெண்ணெயைப் பிரிப்பதுபோலத் தண்ணீரைப் பிரித்து, ரப்பரை நூற்றுக்கு அறுபது பங்காக உயர்த்துவார்கள். அந்தக் கெட்டிப் பால்தான் கப்பல் ஏறியது.

1929-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் டன்லப் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஈ. ஏ. மர்ஃபி என்பவர் இந்தக் கெட்டிப் பாலை, கேக் மாவு அடிக்கும் சமையலறைக் கருவியால் நுரைக்க நுரைக்க அடித்துப் பார்த்தார். சோப்பும் கந்தகமும் சேர்த்து அடித்த அந்த நுரையை அச்சில் ஊற்றி, உறைய வைத்துச் சூடேற்றினால் நுரை நுரையாகவே ரப்பராகிவிடுகிறது. உள்ளே கோடிக்கணக்கான காற்றறைகள். அழுத்தினால் அமுங்கும்; விட்டால் எழும். அதற்கு டன்லப்பில்லோ என்று பெயரிட்டு விற்றார்கள். சினிமாக் கொட்டகை, பஸ், ரயில், கார் என்று எல்லா இருக்கைகளுக்கும் அது பரவியது.

பால் வெட்டியவர்கள் லயத்து வீட்டில் பலகைமேல் பாய் விரித்துப் படுத்தார்கள். அவர்கள் வெட்டிய பாலின் மேல் உலகம் சாய்ந்து உட்கார்ந்தது. இதை வருத்தத்துக்காகச் சொல்லவில்லை. பழைய இருக்கையைக் குப்பையில் போடுமுன் அது என்னவென்று அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

இருக்கையைக் கவிழ்த்துப் பார்த்தால் நுரையின் அடிப்பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு வரிசை வரிசையாகக் குழிகள் தெரிந்தால், அது அச்சில் வார்த்த ரப்பர் நுரை என்று கொள்ளலாம். அச்சுக்குள் இருந்த உலோக முளைகளின் தடம் அந்தக் குழிகள். சூடு நடுப்பகுதிவரை போய்ச் சேர்வதற்காக அந்த முளைகளை வைத்தார்கள். இப்போது கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிறப் பஞ்சு வேறு. அது பாலியூரித்தேன், மரத்துப் பாலுக்கும் அதற்கும் உறவில்லை. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்பவர் கண்ட இரசாயன வழியில் பிறந்தது. விலை குறைவு, எடை குறைவு என்பதால் பிற்காலக் கார்களில் அதுவே இடம் பிடித்துக்கொண்டது.

வோக்ஸ்வாகன் வண்டின் இருக்கையைத் திறந்தால் இன்னொரு பழைய நண்பரைப் பார்க்கலாம். தேங்காய் நார்! நாரைச் சுருட்டி, பரப்பி, ரப்பர் பாலைத் தெளித்து, அச்சிலிட்டு அழுத்திச் செய்த மெத்தை அது. பழைய மெர்சிடிஸ் கார்களிலும் நார் அல்லது குதிரை மயிரை ரப்பர் பாலால் பிணைத்த திண்டுகளே ஸ்பிரிங்குகளின் மேல் கிடந்தன. காற்றுப் புகும் மெத்தையாதலால் வியர்வை தேங்காது. நம்மூர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமானது எது என்று எண்ணத் தோன்றுகிறது. பிரேசில் நாட்டில் 1990-களில் அமேசான் பகுதிக் கிராமத்து மக்கள் தேங்காய் நாரையும் ரப்பர் பாலையும் கொண்டு மெர்சிடிஸ் நிறுவனத்தின் வண்டிகளுக்குத் தலைச்சாய்ப்புகள் செய்துகொடுத்ததும் உண்டு. பழைய முறை என்று ஒதுக்கியது புது முறையாகத் திரும்பி வந்த கதை அது.

இனி வேலைக்கு வருவோம். பழைய காரைக் கூஷன் கடைக்குக் கொண்டுபோனால் வழக்கமாக நடப்பது என்ன? கத்தியை எடுத்து, உறையைக் கிழித்து, உள்ளே இருப்பதையெல்லாம் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, புதுப் பஞ்சை வைத்துப் புது ரெக்சினைப் போர்த்திவிடுவார்கள். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். பார்வைக்கு நன்றாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கார் அந்தக் காராக இராது. பழைய தையல் எங்கே ஓடியது, பைப்பிங் எத்தனை தடிமன், நடுப்பகுதியில் எத்தனை வரிகள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கிழிந்த உறைதான். அது போனால் பிறகு யாரைக் கேட்பது?

நாம் சொல்லும் முறை இது: கிழிக்காதே, பிரி. இரண்டும் ஒன்றல்ல.

பிரிப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த காரில் எலி குடியிருந்திருக்கும். எலியின் சிறுநீரால் பரவும் எலிக் காய்ச்சல் உயிரையும் வாங்கக்கூடியது. கையுறையும் முகமூடியும் இல்லாமல் பழைய இருக்கையில் கைவைக்கக் கூடாது. கையில் வெட்டுக் காயம் இருப்பவர் அந்த வேலையை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைக்கட்டும். எலி எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டித் தூசி கிளப்பாமல், கிருமிநாசினி கலந்த நீரால் நனைத்துத் துடைத்தெடுக்க வேண்டும். பிள்ளைகளை அன்றைக்கு அருகில் விடவேண்டாம்.

இருக்கையை வெளியே எடுத்ததும் எல்லாப் பக்கத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி இல்லாத வீடு இன்று ஏது? உறையை இரும்புச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் சின்னக் கம்பி வளையங்களைக் குறட்டால் வெட்டி, உறையை முழுதாகக் கழற்றி, உட்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள். ஒவ்வொரு துண்டின் மேலும் இடது, வலது, முன், பின் என்று சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் தையலைப் பிரிக்க வேண்டும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டுவைத்தால், திரும்பச் சேர்க்கும்போது அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ரவிக்கை தைத்துப் பழகிய தாய்மார்களுக்கு இதை நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. கைக்குழியைத் தோளோடு சேர்ப்பதைவிட இது எளிது.

பிரித்த பழைய துண்டுகளைத் தட்டையாக்கி அட்டையின் மேல் வைத்து வரைந்தால் மாதிரி கிடைக்கிறது. அந்த அட்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம். இன்னொரு மோரிஸ் மைனர் வரும்போது அந்த அட்டைக்கு விலை உண்டு. பழைய ரெக்சின் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆகவே வலது பக்கத் துண்டையும் இடது பக்கத் துண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டு, ஓட்டுனர் அதிகம் உட்காராத பக்கத்தையே மாதிரிக்கு எடுத்துக்கொள்வது நல்லது.

இப்போது உள்ளே இருப்பதைச் சோதிப்போம். நுரையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். உடனே பழைய நிலைக்கு எழுந்தால் அது உயிரோடு இருக்கிறது. குழி விழுந்தபடியே நின்றாலோ, விரலில் மாவுபோல் உதிர்ந்தாலோ, பிசின்போல் ஒட்டினாலோ அதன் காலம் முடிந்தது. ரப்பருக்கு வெயிலும் எண்ணெயும் காற்றும் பகை. உறை கிழியாமல் இருட்டில் கிடந்த நுரை ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் எழுந்து நிற்பதுண்டு; உறை கிழிந்து வெயில் பட்ட ஓரம் மட்டும் உதிர்ந்திருக்கும். அப்படியானால் அந்த ஓரத்தை மட்டும் நேராக வெட்டியெடுத்து, அதே தடிமனுள்ள புதிய லேட்டக்ஸ் நுரையை ஒட்டுங்கள். முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. நார் மெத்தை அமுங்கிப் போயிருந்தால் மேலே ஒரு மெல்லிய நுரைத் தகடு போதும். ஸ்பிரிங் ஒன்று உடைந்திருந்தால் அந்த ஒன்றை மாற்றலாம். துரு மட்டும் என்றால் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சாயம் பூசி, ஸ்பிரிங்குக்கும் நுரைக்கும் நடுவே புதுக் கோணித் துணி வைத்துக் கட்டிவிட வேண்டும். இந்தக் கோணியை விட்டுவிட்டால், கம்பி நுரையை அறுத்துக்கொண்டே மேலே வந்துவிடும்.

இவ்வளவு மெனக்கெட்டுப் பழையதைக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948-இல் விற்பனைக்கு வந்தது. 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதன்பின் இங்கிலாந்தில் பாத் என்னும் நகரில் சார்லஸ் வேர் என்பவர் 1976-இல் மோரிஸ் மைனர்களைப் புதுப்பிக்கவென்றே ஒரு நிலையம் திறந்தார். அடிக்கடி புதுக் கார் வாங்குவதைவிட ஒரே காரைச் சீர்செய்து பல்லாண்டு வைத்திருப்பதே சிக்கனம் என்று கணக்குப் போட்டு 1982-இல் ஒரு நூலும் எழுதினார். இதில் நமக்கு வேண்டிய பகுதி இனிதான். அந்தக் கார்களுக்கு வேண்டிய உடல் தகடுகள் கிடைக்காதபோது, அவற்றைச் செய்து அனுப்பியது இலங்கையில் 1990-களில் இயங்கிய ஒரு பட்டறை. மோரிஸ் மைனரை விடாமல் வைத்திருந்த நாடு அது. அதைத் தட்டிச் சரிசெய்யும் கைகளும் அங்கே இருந்தன. ஆக்ஸ்போர்டு அருகே கவுலியில் பிறந்த காருக்கு இலங்கையிலிருந்து மருந்து போயிற்று. பழைய பொருளைத் தூக்கிப் போடாத பழக்கம் ஏழ்மையால் வந்தது என்பார்கள். இருக்கட்டும், அது தொழிலாகவும் ஆனது அல்லவா?

மெத்தைக்கு மேலே போர்த்தும் உறைக்கு வருவோம். நாம் ரெக்சின் என்று சொல்வது முதலில் ஓர் இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர். பருத்தித் துணிமேல் ஒரு வகைப் பூச்சு பூசித் தோல்போலச் செய்தார்கள். பிறகு பி.வி.சி. பூச்சு வந்தது, பெயர் மட்டும் ரெக்சின் என்றே நம் வாயில் நின்றுவிட்டது. பி.வி.சி.யை மெதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பசை வெயிலில் கொஞ்சங் கொஞ்சமாகக் கசிந்து போய்விடும். அதனால்தான் பழைய இருக்கை அப்பளம்போல் விறைத்து வெடிக்கிறது. வெடிக்காத உறையாக இருந்தால் புதிதாகத் தைக்கவே வேண்டாம். இளஞ்சூட்டு நீரில் சிறிது சோப்பு, பழைய பல்துலக்கும் பிரஷ், பிழிந்த துணி, நிழலில் உலர்த்தல். இவ்வளவே. தின்னரோ பெட்ரோலோ படக்கூடாது.

புதிதாகத் தைப்பதானால் நூலைப் பற்றி ஒரு சொல். பருத்தி நூல் நம் ஈரத்தில் அழுகும். பாலியெஸ்டர் அல்லது நைலான் நூல் வேண்டும். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று துணி தைப்பவர்கள் நினைப்பார்கள். ரெக்சினில் அது தலைகீழ். நெருக்கமாக ஊசி குத்தினால் தபால்தலையின் ஓரம்போல் துளை வரிசை விழுந்து, அந்தக் கோட்டிலேயே கிழியும். நான்கு அல்லது ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு தையல் போதும். வீட்டு மெஷின் இரண்டு மடிப்பைத் தாங்கும். பைப்பிங்கோடு நான்கு மடிப்பு சேரும் இடத்தில் திணறும். அதற்கு, பாதமும் துணியோடு சேர்ந்து நடக்கும் கனத்த மெஷின் வேண்டும். உறையை மாட்டுமுன் பத்து நிமிடம் வெயிலில் போட்டால் ரெக்சின் இளகும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் நீவிக்கொண்டே இழுத்து வளையம் மாட்ட வேண்டும். தோல் உறையை மட்டும் வெயிலில் போடவேண்டாம்.

உட்கூரைத் துணியைப் பற்றி அதிகம் சொல்ல நேரமில்லை. அதைத் தாங்கும் வில் கம்பிகள் ஒன்றுக்கொன்று நீளம் மாறும். கழற்றும்போதே எண் கட்டிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் முக்கியம். ஒட்டுவதற்குப் பயன்படும் பசையின் ஆவி தலையைச் சுற்றும், தீயும் பற்றும். மூடிய காருக்குள் தனியாக உட்கார்ந்து ஒட்டக் கூடாது. அருகே சிகரெட்டும் கூடாது. தரை விரிப்பை எடுத்த பிறகு தகரத்தைக் குத்தூசியால் தட்டிப் பாருங்கள். ஊசி உள்ளே போனால் மெத்தை வேலையை நிறுத்திவிட்டு வெல்டரைக் கூப்பிட வேண்டும். இருக்கையின் போல்ட்டும் பாதுகாப்பு வாரின் போல்ட்டும் அந்தத் தகரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வாரின் தையலில் கூஷன்காரர் கைவைக்கவே கூடாது. வார் நைந்திருந்தால் முழுவதுமாகப் புதிது மாற்ற வேண்டும்.

தம்பிமார்களே, தங்கைமார்களே, இந்த வேலை பள்ளித் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களுக்கான கடைசிப் புகலிடம் என்று எண்ணவேண்டாம். அளவும் கோணமும் அறியாதவர் ஓர் இருக்கையைக்கூட ஒழுங்காகத் தைக்க முடியாது. ஒரு கூஷன் கடையில் இரண்டு ஆண்டு பொறுமையாகக் கை பழகுங்கள். அதோடு தையலிலோ வாகனத் தொழிலிலோ மலேசியத் திறன் சான்றிதழாகிய எஸ்.கே.எம். ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தம்போயில் 1960-களின் பிற்பகுதியிலேயே கார் பொருத்தும் ஆலை வந்தது. ஸ்கூடாய்க்கு இவ்வளவு அருகில் கார்த் தொழில் வேர்விட்டு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

இனிக் காரின் வெளிப்புறம். பம்பர், விளக்கு வளையம், சக்கர மூடி, மூக்கிலிருந்து கண்ணாடிவரை ஓடும் பட்டை, ஆற்றைக் கடக்கும் எருது பொறித்த மோரிஸ் சின்னம் என்று மின்னுவதெல்லாம் ஒரே உலோகம் என்று நினைத்து ஒரே பாலிஷைப் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. மூன்று வகையாவது இருக்கும். பளிச்சென்று நீலம் பாய்ந்த வெண்மையோடு, இடையிடையே துருப் புள்ளியும் தெரிந்தால் அது இரும்பின்மேல் குரோமியம் பூசியது. எடையே இல்லாமல், மங்கிய வெள்ளிபோல் இருந்தால் அலுமினியம். துருவும் இல்லாமல் எடையும் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். அலுமினியத்தை அது காட்டிக்கொடுக்கும்; ஆனால் கார்ப் பட்டைகளுக்குப் பயன்பட்ட துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகையைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். ஆகவே காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

குரோமியப் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதன் அடியில் இருக்கும் நிக்கல்தான் இரும்பைக் காப்பது. சிறு துருப் புள்ளிகளுக்கு ஒரு வீட்டு வைத்தியம் உண்டு. சமையலுக்குச் சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெல்லத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மெதுவானதால் கீறாது, துருவை எடுத்துவிடும். பிறகு துடைத்து மெழுகு பூசவேண்டும். பூச்சு உரிந்தே போயிருந்தால் முலாம் பூசும் தொழிற்சாலைக்குத்தான் அனுப்ப வேண்டும். யாராவது வீட்டின் பின்னால் வாளியில் குரோமியக் கரைசல் வைத்துப் பூசித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கரைசல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு. வாய்க்காலில் கொட்டினால் அந்த நீரை நம்பியிருப்பவர்களுக்கும் கேடு.

அலுமினியப் பட்டையின் மேல் மின்சார முறையில் உண்டாக்கிய ஒரு கண்ணாடிபோன்ற காப்பு உண்டு. குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும் கைப்பழக்கத்தில் இதையும் தேய்த்தால் காப்பு மங்கிப் போகும். காரச் சோடா கலந்த அடுப்பு சுத்திகரிப்பு மருந்து பட்டால் காப்பு முழுவதும் கரைந்துவிடும். சோப்பு நீர் போதும். துருப்பிடிக்காத எஃகுதான் இருப்பதில் நல்ல பிள்ளை. ஒடுங்கியிருந்தால் கழற்றி, மரக்கட்டையின் மேல் கவிழ்த்து வைத்து, பின்புறத்திலிருந்து சின்னச் சுத்தியலால் நூறு முறை மெல்லத் தட்டலாம். பத்து முறை ஓங்கித் தட்டினால் மேடு விழும். பின் உப்புத்தாளை முரடிலிருந்து மெதுவுக்கு வரிசையாக மாற்றித் தேய்த்து, துணிச் சக்கரத்தில் பாலிஷ் போட்டால் முகம் தெரியும்.

லேண்ட் ரோவர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 1948-இல் வந்த அந்த வண்டிக்கு உடல் அலுமினியக் கலவை, ஓரத்துக்கு நாகம் பூசிய இரும்பு. அதைப் பளபளப்பாக்குகிறேன் என்று நாகத்தைத் தேய்த்தெடுப்பவர்களைப் பார்க்கிறோம். சாம்பல் நிறமாக இருப்பதே அதன் அழகு. தமிழ்நாட்டுக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வரலாம். எந்தப் பட்டை மின்ன வேண்டும், எது மின்னக் கூடாது என்பதைப் புத்தகத்தைவிட நேரில் பார்த்தால் விளங்கும்.

கடைசியாக, கண்ணாடியையும் கதவையும் சுற்றியுள்ள ரப்பர். இதுவும் நம்முடையதே. காற்றில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் ஓசோன் என்னும் வாயு, இழுபட்டு நிற்கும் இயற்கை ரப்பரைக் குறுக்கே வெடிக்கச் செய்கிறது. வகுப்பில் இதை எளிதாகக் காட்டலாம். ஒரு ரப்பர் வளையத்தைக் குச்சியில் நன்றாக இழுத்து மாட்டி, இன்னொன்றைச் சும்மா தொங்கவிட்டு, வெளியே நிழலில் சில வாரம் வையுங்கள். இழுபட்டது வெடித்திருக்கும், சும்மா கிடந்தது வெடிக்காது. வளைவில் மாட்டிய கண்ணாடி ரப்பர் மூலையில் முதலில் வெடிப்பது இதனால்தான். 1960-களிலிருந்து புழக்கத்துக்கு வந்த ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் ஓசோனுக்கு அஞ்சாது. ஆகவே வெளியே மாட்டும் ரப்பருக்கு அதை வாங்குவதில் தவறில்லை. பால்மரக் குடும்பத்தில் பிறந்தவர்கள் இப்படிச் சொல்லலாமா என்றால், உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்? நல்ல நிலையில் இருக்கும் பழைய ரப்பருக்கு மண்ணெண்ணெயோ இஞ்சின் எண்ணெயோ பூசவேண்டாம்; ஊறிப்போய்க் கூழாகும். கிளிசரின் தடவுங்கள்.

முன் கண்ணாடியை மாட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றிப் போட்டு, உள் உதட்டின் பள்ளத்தில் வழுவழுப்பான கயிறு ஒன்றைச் சுற்றிவரச் செருகி, இரு முனைகளும் கீழே நடுவில் தொங்கும்படி விடுங்கள். எங்கும் சோப்பு நீர் தடவிக்கொள்ளுங்கள். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் காருக்குள்ளிருந்து கயிற்றை நிதானமாக இழுத்துக்கொண்டே வந்தால், ரப்பரின் உதடு தகட்டின் மேல் தானே ஏறி உட்காரும். பிறகு குழாய்த் தண்ணீரை மேலிருந்து கால்மணி நேரம் ஓடவிட்டு, ஒருவர் உள்ளே கைவிளக்கோடு உட்கார்ந்து பார்க்கட்டும். கசியும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, அதை அடைத்து, மறுபடி தண்ணீர் விட்டுப் பார்த்து, கதவுகளைத் திறந்துவைத்து இரண்டு நாள் உலரவிட்ட பிறகே தைத்துவைத்த மெத்தையை உள்ளே ஏற்ற வேண்டும்.